கரண்ட் போனால் கதை வரும்

எழுத்தாளன் ஆகவேண்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கியவன் நான். ஆனது என்னவோ எங்கள் லைனில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை. இப்போது வயதாகிவிட்டது, சொல்லிவிடலாம்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு சேவூரில். காலேஜ் படிக்கும்போதே கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். தபால்தலை ஒட்டிய கவரும் கூடவே வைத்து அனுப்புவேன். அந்தக் கவர் மட்டும் ஒருமுறைகூட வழி தவறியதில்லை. பத்து வருடம் இப்படிப் போனது. அப்புறம்தான் ஒருவர் சொன்னார், கம்ப்யூட்டரில் நாமே எழுதி நாமே போட்டுக்கொள்ளலாம், திருப்பி அனுப்ப நடுவில் ஆளே கிடையாது என்று. எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தமிழில் டைப் அடிக்க ஒரு மாதம் பழகினேன். வலைப்பூ ஒன்று ஆரம்பித்து, மேலே என் படத்தையும் போட்டு, ஏழெட்டுக் கதைகள் ஏற்றினேன். எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்ட அடியில் ஒரு எண் இருக்கும். அது நாற்பதைத் தொட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதில் முப்பது தடவை, எண்ணைப் பார்க்கப் போன நானேதான். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அதனால்தான் யாரும் படிப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த நாட்களில்தான் எங்கள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் திடீரென்று அமைதியானது. எண்பது பெண்கள் சாப்பிடுகிற இடம் அமைதியாக இருந்தால் சூப்பர்வைசர் சும்மா இருக்க முடியாது. வேலை நிறுத்தம் ஏதாவது பேசுகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் மேல் ஒரு சைனா போன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர், முதுகில் டார்ச் லைட் என்று அப்போது ஊரெல்லாம் வந்திருந்ததே, அந்த வகை. சுற்றிலும் பத்துப் பதினைந்து தலைகள். டிபன் பாக்ஸில் கை வைத்தபடி எல்லோரும் மெல்லாமல் இருந்தார்கள்.

“என்னுங்க அது, சினிமாப் பாட்டா? சாப்புட்டு முடிச்சுட்டுக் கேக்கலாமில்லீங்க?” என்று அதட்டினேன்.

“சார், கொஞ்சம் சும்மா இருங்க சார். அந்தப் புள்ள இப்பத்தானுங்க லூம் கொட்டாயிக்குள்ள போயிருக்குது” என்றாள் செக்கிங்கில் மூத்தவள். என்னை அந்தக் கம்பெனியில் யாரும் அப்படி அடக்கியதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் நின்று கேட்டேன்.

போனிலிருந்து வந்தது எங்கள் லைனில் மூன்றாவது மிஷினில் உட்காரும் பெண்ணின் குரல். தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால் கோயிலுக்குப் போகக் கேட்பதைத் தவிர வேறு எதற்கும் லீவு கேட்காதவள். வேலையில் வாய் திறக்கவே மாட்டாள். அவளா இது என்று திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கதை இதுதான். தெற்கேயிருந்து ஒரு பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தன் அக்காவைத் தேடி வருகிறாள். கோயமுத்தூர் போகும் பஸ். விடியற்காலையில் கண்டக்டர், “திருப்பூர் போறவங்கல்லாம் எறங்குங்க” என்று சத்தம் போடுகிறார். இறங்கிவிடுகிறாள். அது பல்லடம். அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, அதுதான் திருப்பூர் என்று நினைத்துவிட்டாள். அக்காவின் கம்பெனிப் பெயர் எழுதிய காகிதம் மழையில் நனைந்து மையெல்லாம் கரைந்துபோயிருக்கிறது. பல்லடத்துக்குள் அக்காவைத் தேட ஆரம்பிக்கிறாள். பத்துப் பத்து நிமிடமாகப் பாகம் பாகமாகப் போகும் கதை.

எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பையோடு அந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவையாவது முழித்தவர்கள். “நானும் அப்புடித்தானுங்க நின்னேன்” என்று செக்கிங்கில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பத்து வருடம் எழுதியதில் யாருடைய கண்ணிலும் ஈரம் வந்ததாகச் செய்தி இல்லை.

அந்தப் பாகம் நின்ற இடத்தைச் சொல்லவேண்டும். அவள் விசாரிக்கப் போன தறிக் கொட்டகைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “உங்கக்கா பேரு என்னன்னு சொன்னே கண்ணு?” என்று கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். தடக் தடக் தடக் என்று ஒரே இரைச்சல். அவ்வளவுதான், முடிந்தது. சுற்றியிருந்தவர்கள் “அய்யோ” என்றார்கள். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவன்தான் தொடர்கதைக்காரன். இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் மிஷின் பக்கம் போய்க் கேட்டே விட்டேன்.

“சரியான எடத்துல நிறுத்தறீங்களே, எப்புடிங்க?”

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் எங்க சார் நிறுத்துதேன்? கரண்டு வந்துட்டு.”

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. மங்கலத்தில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு ஒட்டினாற்போல விசைத்தறிக் கொட்டகை. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். பக்கத்தில் இருப்பவர் பேசினாலே காதில் விழாது, போனில் எங்கே பதிவு செய்வது? தறி நிற்பது கரண்ட் போனால்தான், வந்துவிட்டால் உடனே தடக் தடக் என்று ஆரம்பித்துவிடும். நாடே கரண்ட் கட்டைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி ஓனர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டு அழுதார்கள். தறிக்காரர்கள் மறியல் செய்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் போனைச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, எப்போது போகும் என்று காத்திருந்தாள்.

ஒருநாள் ஷிப்மெண்ட் அவசரம், சீக்கிரம் வரச் சொல்லலாம் என்று சேவூரிலிருந்து அவிநாசி வழியாகக் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். அவசரம் உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு போன் போதும், எனக்கு அவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்க்கவேண்டும். ஆறு மணிக்கு கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த வரிசையில் இருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே குழாயை மூடினார்கள், குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். அவள் தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் காகிதம் இல்லை. “எல்லாரும் கேக்குதியளா?” என்று ஆரம்பித்து, தன் பெயரும் ஊரும் சொல்லி, “மங்கலத்துல இருந்து பேசுதேன்” என்றாள். பேசும்போது இரண்டு கையும் துணியை ஊசிக்குள் தள்ளுவது போல நகர்ந்துகொண்டே இருந்தன. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நான் ஒரு வாக்கியத்துக்கு மூன்று டீ குடிப்பவன். வாசற்படியில் நின்றபடி, வெட்கப்படாமல் சொல்கிறேன், அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

பாகம் முடிந்ததும் அவள் போனிலிருந்து பக்கத்து வீட்டுப் போனுக்கு. அங்கிருந்து கம்பெனி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு போன்களை ஒட்ட வைத்துக்கொண்டு, நகர்ந்தால் போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ப்ளூடூத். ஒரு வாரத்தில் மற்ற கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரர் பாட்டோடு இவளையும் ஏற்ற ஆரம்பித்தார். பல்லடம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு ஏழாம் பாகம் போட்டாராம், இறங்கவேண்டிய ஆள் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை போனாராம். என் மனைவி என் வலைப்பூவை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவளும் பக்கத்து வீட்டுப் போனில் இதை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, “பத்தாம் பாகம் வந்துருச்சுங்களா?” என்பதுதான். வயிறு எரிந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பதிமூன்றாம் பாகத்தில் அந்தப் பெண்ணுக்குத் தான் நிற்பது திருப்பூர் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. திருப்பூர் போவதாகச் சொன்ன ஒரு கோழி வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறாள். கொஞ்சதூரம் போனதும் வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்புகிறது. தடக் தடக் தடக்.

பதினாலாம் பாகம் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தோம். இரண்டு வாரம் ஆனது. அவள் தினமும் வந்தாள், வழக்கத்தைவிட அதிகமாகவே தைத்தாள். கையில் போன் இல்லை. நான் போய்க் கேட்டேன், கையிலிருந்த துணியைத் தைத்து முடித்தாள். அப்புறம் சொன்னாள்.

அவள் கணவர் வேறொரு கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். பாய்லரைப் பற்றவைக்கிற பொறுப்பும் அவருடையது, அதனால் ஆறு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். மனைவி போனில் என்னவோ பேசிப் பிடிக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஒருநாள் அவர் கம்பெனியில் அயர்ன் டேபிளில் யாரோ பாகத்தைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவன், “கொரலே இப்படின்னா ஆளு எப்படி இருப்பா” என்றிருக்கிறான். சுற்றிலும் சிரிப்பு. பாகத்தின் ஆரம்பத்தில் அவள் சொன்ன பெயரும் ஊரும்தான் அவர் காதில் விழுந்துவிட்டதே. வீட்டுக்கு வந்து போனை வாங்கி எல்லாப் பாகத்தையும் அழித்துவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

“எம் பொண்டாட்டி கொரலு கண்டவன் சட்டைப்பையில கெடக்குன்னு சொன்னாவ சார்” என்றாள்.

“அவரு அழிச்சா அழிஞ்சு போயிருமாங்க? ஊருக்குள்ள எத்தனை போன்ல இருக்குது!”

“கெடக்கது கெடக்கட்டும். இனிமே பேசல. அவியளுக்குப் பிடிக்கல.” துணியைத் திருப்பி வைத்தாள். “ஆனா சொல்லாம தொண்டையிலயே நிக்குது சார். சோறு எறங்க மாட்டேங்கு.”

அதைக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எழுதியது திரும்பி வந்தால் வரும் வலி எனக்குத் தெரியும். கேட்க ஊரே காத்திருக்கும்போது வாயை மூடிக்கொள்வது அதைவிட எத்தனை மடங்கு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். குரல்தானே தகராறு? குரல் இல்லாமல் செய்துவிட்டால்? நான் எழுத்தாக்கி என் வலைப்பூவில் போடுகிறேன், அச்சடித்தும் தருகிறேன், பெயர் அவளுடையதே இருக்கட்டும், மீதிக் கதையையும் அப்படியே சொல்லலாம் என்றேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பதிமூன்று பாகத்தையும் கேட்டு டைப் அடித்தேன். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். ஏழெட்டு வருடம் பனியனில் பிசிறு வெட்டவைத்துப் பழகியவன். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. அவள் கதையில் “கேட்டியளா” என்று வந்ததையெல்லாம் வெட்டினேன். நடுவில் அவள் கதையை விட்டு எங்கேயோ போய், ஒரு பூக்காரம்மா வீட்டுக் கருவாட்டுக் குழம்பைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவாள், அதை வெட்டினேன். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் ஒன்றை வெட்டினேன். முடிவில் எல்லாம் ஒரு சைஸில், ஒரு பிசிறு இல்லாமல், பெட்டியில் போட்டு ஏற்றுமதி செய்யலாம் போல இருந்தது. கம்பெனி பிரிண்டரில் அடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள். “நல்லா இருக்குதுங்க சார்” என்றார்கள் எல்லோரும். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பியதாகத் தெரியவில்லை. வீட்டில் மனைவி முழுசாகப் படித்தாள். “நல்லாத்தானுங்க இருக்குது” என்று மடித்து வைத்துவிட்டு, “அந்தப் புள்ளையோடது எப்ப வருமுங்க?” என்றாள்.

ஒரு மாதம் கழித்து, வேலை விடும் நேரத்தில் அவள் கணவர் எங்கள் கம்பெனி கேட்டில் நின்றிருந்தார். கையில் நான் அடித்துக் கொடுத்த காகிதம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். சண்டையை நாலு பேர் பார்க்கக் கேட் முன்னால் போடவேண்டாமே.

அவர் சண்டை போடவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அப்படிப் பேசியவன் ஒருவன்தான். ஆனால் பாகம் நின்றுபோனதும், பெயரையும் ஊரையும் வைத்து இவருடைய மனைவி என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படிப் பேசியவனும் வந்து கேட்டிருக்கிறான். கடைசியில் அவருடைய ஓனரே ஒருநாள் காரை நிறுத்தி இறங்கி வந்தாராம். தோட்டம் காடு எல்லாம் உள்ள பெரிய மனிதர்.

“ஏனுங்க, அது உங்க ஊட்டுக்காரம்மா தானுங்களா? எங்கம்மா தெனமும் கேக்கறாங்க. அந்தப் புள்ள அக்காளப் போய்ச் சேந்துச்சுங்களா? கோழி வண்டிக்காரன் நல்லவனுங்களா, எப்புடிங்க?”

தெரியாது என்றிருக்கிறார் இவர்.

“உங்களுக்கே தெரியலீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

“கெட்ட வார்த்தைல திட்டியிருந்தாக்கூட இப்படி இருந்திருக்காது சார்” என்றார் அவள் கணவர். “எம் பொண்டாட்டி என்ன பேசுதான்னு ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரியல. நான் கேக்காமயே அழிச்சிட்டேன்.”

அழித்தவரே பாட்டு ஏற்றும் கடைக்குப் போய், தன் மனைவியின் பதிமூன்று பாகத்தையும் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இரண்டு பஸ்ஸைப் போகவிட்டாராம். சொல்லி முடித்ததும் என் காகிதங்களை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

“வீட்டுல கெடந்துச்சு, படிச்சேன். தப்பா நெனைக்காதீங்க சார். இதுல அவ இல்ல.”

மூக்கு உடைந்தது. பத்திரிகை ஆசிரியர்கள் பத்து வருடமாக வெறும் வருத்தம் மட்டும் தெரிவித்து, சொல்லாமல் விட்டதை, இந்த மனிதர் ஒரு டீயில் சொல்லிவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர் சொன்னது சரி. அன்றைக்கே வலைப்பூவிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் கையில் போன் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடம் மறுபடி அமைதியானது. பதினாலாம் பாகம். இந்தத் தடவை நானும் என் சோற்றை எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிளில் போய் உட்கார்ந்தேன், யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, நுழைந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம்.

“எல்லாரும் கேக்குதியளா?” என்றது போன். பெயர், ஊர், எல்லாம் சொன்னாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, இத்தனை நாள் பேசாததாலோ என்னவோ. வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியதைச் சொன்னாள். மண்ரோடு, இரண்டு பக்கமும் சோளக்காடு. பின்னால் கூண்டுக்குள் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

“ம்” என்றது ஒரு ஆண் குரல்.

நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். போனுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஆளுடைய குரல். அவர் உம் கொட்டுகிறார். அன்றைக்குப் பாய்லரை வேறு யாரோதான் பற்றவைத்திருக்கவேண்டும். செக்கிங்கில் மூத்தவள் என் கையைப் பிடித்துவிட்டாள், பிடித்தது அவளுக்கே தெரியாது. நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன். அவள் தயிர்ச்சோற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், காது வரை சிவந்திருந்தது.

போனில் அவள் குரல் ஒரு நிமிடம் நின்றுவிட்டது. தறிச் சத்தம் வரவில்லை, கரண்ட் இன்னும் வரவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அழுகிறாளோ, அவ்வளவுதானோ என்று நினைத்தேன்.

“பொறவு?” என்று கேட்டார் அவள் கணவர்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.